ஆய்வெல்லை வரைதல்: மட்டாஞ்சேரித் தமிழை முன்வைத்து ஒரு விளக்கம்

பல்கலைக்கழக ஆய்வேடுகளின் முன்னுரை இயலில் ‘ஆய்வெல்லை’ என்னும் தலைப்பில் ஒரு சிறு பத்தி இடம்பெறுவது மரபு. பெரும்பாலான ஏடுகளில் அது மூன்று வரிகளைத் தாண்டுவதில்லை. காலத்தின் அருமை கருதியும் பொருளின் விரிவு கருதியும் ஆய்வு இன்ன ஊரோடு, இன்ன நூலோடு நிற்கிறது என்னும் வாய்பாடே அங்குத் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. ஏடு முழுவதும் எழுதி முடிந்தபின், கட்டடத்துக்குச் செல்லுமுன் அப்பத்தியைச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. ஆய்வின் அளவைக் குறைத்துக்கொண்டதற்குக் கேட்கும் மன்னிப்பாகவே அது கருதப்படுகிறது எனலாம். உண்மையில் ஆய்வெல்லை மன்னிப்பன்று; அது ஒரு துணிபு. எதனை விலக்குவது என்னும் தேர்வே, கிடைக்கும் முடிபு யாருடைய மொழியைப் பற்றியது, அதனை எவ்வளவு தொலைவுக்கு நீட்டிச் சொல்லலாம் என்பவற்றைத் தீர்மானிக்கிறது.

கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியைக் கொண்டு இதனை விளக்கலாம். மொழித்தொடர்பு ஆய்வில் நாட்டமுள்ள மாணவரை ஈர்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான களம் தென்னாட்டில் அரிது. மலையாளம் சூழ்ந்த ஒரு சிறு பரப்பினுள் கொங்கணி, குசராத்தி, கச்சி, மராத்தி, தமிழ், தெலுங்கு, தக்கினி உருது முதலியவற்றை வீட்டுமொழியாகக் கொண்டோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றனர். கோவாவிலிருந்து பெயர்ந்துவந்த கௌட சாரஸ்வதர்களின் திருமலைத் தேவசுவம் கோயில் ஒருபுறம். 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம் மறுபுறம். குசராத்தியர் பெயராலேயே வழங்கும் ஒரு சாலை. துறைமுக வாணிகத்தை நம்பிய பண்டகசாலைகளின் நீண்ட வரிசை. ‘மட்டாஞ்சேரியின் மொழிகள்’ என ஒரு மாணவர் தலைப்பிட்டால் அது ஒரு நிறுவனம் பத்தாண்டுகள் செய்யவேண்டிய பணியாகிவிடும். ‘மட்டாஞ்சேரியில் தமிழ்’ என்று சுருக்கியதும் எல்லை வரைந்தாயிற்று என அவர் எண்ணக்கூடும். ஆயின் அத்தலைப்பிலுள்ள இரண்டு சொற்களுமே எல்லை அறியப்படாதவை.

கலைச்சொல் பற்றி

முதற்கண் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். ஆங்கில ஆய்வு நெறிமுறை நூல்கள் ‘ஸ்கோப்’, ‘டீலிமிட்டேஷன்’, ‘லிமிட்டேஷன்’ என்னும் மூன்றனையும் வேறுபடுத்திப் பேசுகின்றன. தமிழ் ஆய்வேடுகளிலோ ‘எல்லை’ என்னும் ஒரு சொல்லே மூன்றுக்கும் வழங்கக் காண்கிறோம். ‘வரையறை’ என்பதும் இடையிடையே வருகிறது. வரையறை என்பது ஒரு சொல்லின் பொருளை அறுதியிடுதலுக்கு முன்னரே நிலைபெற்றுவிட்டமையால் இங்கு அது குழப்பத்தையே மிகுவிக்கும். ஆய்வு தொட முயலும் பொருளின் விரிவை ‘ஆய்வுப்பரப்பு’ என்றும், ஆய்வாளர் காரணத்தோடு தாமே இட்டுக்கொள்ளும் கோட்டை ‘ஆய்வெல்லை’ என்றும், அவர் விரும்பாமலே நேர்ந்த தடையை ‘ஆய்வுக்குறை’ என்றும் பிரித்து வழங்குதல் மொழிபெயர்ப்பாளருக்கும் துணைசெய்யும். வயலுக்கு வரப்பு உழவன் இடுவது. வெள்ளம் அவனைக் கேட்டு வருவதன்று.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. மட்டாஞ்சேரித் தமிழ்ப் பெண்களின் பேச்சு ஓர் ஆய்வில் இடம்பெறவில்லை எனக் கொள்வோம். ஆண்களின் தொழிற்களப் பேச்சே ஆய்வுப்பொருள் என்பதால் அது விலக்கப்பட்டிருந்தால் அஃது எல்லை. ஆண் ஆய்வாளருக்கு வீட்டினுள் அமர்ந்து பதிவுசெய்யும் வாய்ப்புக் கிட்டாமையால் விடுபட்டிருந்தால் அது குறை. முன்னதில் முடிபு முழுமையானது. பின்னதில் முடிபு ஐயத்துக்குரியது. இரண்டையும் ‘எல்லை’ என்றே எழுதிச் செல்லும் ஏட்டில், படிப்பவர் எதனை நம்புவது என்று அறிய வழியில்லை.

எந்த மட்டாஞ்சேரி?

ஊர்ப்பெயர் எல்லையைத் தந்துவிடும் என்பது மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் நம்பிக்கை. மட்டாஞ்சேரி இதனைப் பொய்ப்பிக்கிறது. இன்று அப்பெயரில் தனி நகராட்சி இல்லை. 1967 நவம்பர் முதல் நாள் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, எறணாகுளம் நகராட்சிகளை இணைத்துக் கொச்சி மாநகராட்சி அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் அடுத்தடுத்துக் கிடந்த மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் நெடுங்காலம் இருவேறு அரசுகளுக்கு உட்பட்டிருந்தன. மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஃபோர்ட் கொச்சியோ ஆங்கிலேயர் காலத்தில் ‘பிரிட்டிஷ் கொச்சி’ எனப்பட்டுச் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஒரே தெருவின் தொடர்ச்சியில் நடந்துசெல்வோருக்கு இன்று புலப்படாத இக்கோடு, ஆவணம் தேடும் மாணவருக்கு உடனே புலப்படும். கொச்சி அரசின் பதிவுகளை நாடி எறணாகுளம் வட்டார ஆவணக்காப்பகத்துக்கும், மலபார் மாவட்டப் பதிவுகளை நாடிக் கோழிக்கோட்டுக்கும் சென்னைக்கும் அவர் செல்லவேண்டியிருக்கும்.

இவ்வெல்லை தமிழாய்வில் ஒரு முழுச் சமூகத்தையே உள்ளே கொணரவோ வெளியே தள்ளவோ வல்லது. கொச்சியில் தமிழ் வேர் உடையோர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சலவைத்துறையில் பணிபுரியும் வண்ணார் சமூகம். படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காக டச்சுக்காரர்கள் தமிழகத்திலிருந்து அழைத்துவந்தோரின் வழியினர் இவர்கள் என்பது வழங்கிவரும் வரலாறு. டச்சுக்காரர்கள் கொச்சியைக் கைக்கொண்டிருந்த காலம் 1663 முதல் 1795 வரை. ஆனால் ‘டோபிகானா’ எனப்படும் அச்சலவைத்துறை அமைந்திருக்குமிடம் ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதி. ‘மட்டாஞ்சேரி’ என்பதை அதன் பழைய நகராட்சி அளவில் கண்டிப்பாகப் பொருள்கொள்ளும் மாணவர், அப்பகுதியின் மிகப் பழைய தமிழ்க்குழு எனக் கருதப்படுவதொன்றைத் தம் தரவினின்று இழக்கிறார். பேச்சுவழக்கில் சிலர் செய்வதுபோல் மேற்குக் கொச்சி முழுவதையும் ‘மட்டாஞ்சேரி’ என்றே கொண்டால் பள்ளுருத்தி வரை ஆய்வு நீளும். ஆகவே ஊரைக் குறிக்க ஊர்ப்பெயர் போதாது. ‘1967க்கு முன் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளுக்கு உட்பட்டிருந்த பகுதி’ என ஆண்டோடும் ஆட்சிப்பிரிவோடும் சேர்த்துச் சொன்னால்தான் பின்வரும் ஆய்வாளர் அதே நிலத்துக்குத் திரும்பிவர இயலும்.

இடத்தையே முதன்மை எல்லையாகக் கொள்ளவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. இதற்கு மட்டாஞ்சேரியிலேயே நல்ல சான்று உண்டு. கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1948க்குப் பின், சிறப்பாக 1950களில், இசுரேலுக்குப் பெயர்ந்தனர். அவர்களுடைய மலையாளத்தை ஆராய்ந்த ஒஃபிரா கம்லியேல் பெண்டிர் பாடல்கள் குறித்த தம் முனைவர் பட்ட ஆய்வை 2009இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் நிறைவுசெய்தார். அம்மொழிவழக்கைப் பேசுவோர் இசுரேலில் வாழ்கின்றனர் என்பதால் களமும் அங்கேயே அமைந்தது. ‘கொச்சி’ என்னும் நில எல்லையை அவர் பற்றிக்கொண்டிருந்தால் ஆய்வுக்குரியோர் பெரும்பாலும் கிட்டியிருக்கமாட்டார்கள். பேசுவோர் பெயர்ந்த இடத்தில், சமூகமே எல்லையாகும், நிலம் அன்று.

எவர் தமிழர், எவர் பேசுவோர்?

மட்டாஞ்சேரிப் பகுதியில் தமிழ் வழங்கும் குடும்பங்கள் ஒரே சமூகத்தைச் சார்ந்தவை அல்ல. வண்ணார் சமூகத்தாரன்றித் தமிழ்ப் பிராமணர்களும் உளர். தொழில் தேடி அண்மைக்காலத்தில் வந்தோரும் உளர். இவர்களனைவரையும் ‘தமிழர்’ என ஒன்றாக்கிப் பத்துப் பத்துப் பேரைப் பதிவுசெய்து சராசரி காண்பது எளிது. அவ்வாறு காணும் சராசரித் தமிழை எவரும் பேசுவதில்லை என்பதே தடை. அயலில் காணும் வேறுபாடு மலையாளத் தொடர்பால் வந்ததா, சமூக வழக்கால் வந்ததா, குடியேறிய காலத்தின் வேறுபாட்டால் வந்ததா என்று அத்தகைய தரவைக்கொண்டு பிரித்தறிய முடியாது.

இச்சிக்கலுக்குக் கேரளத்திலேயே ஒரு முன்மாதிரித் தீர்வு காணப்பட்டுள்ளது. வ. ஐ. சுப்பிரமணியம் தலைமையில் கேரளப் பல்கலைக்கழகம் நடத்தி 1974இல் வெளியிட்ட மலையாளக் கிளைமொழி அளவாய்வு, ஈழவர்–தீயர் சமூகத்தின் பேச்சை மட்டுமே எடுத்துக்கொண்டது. மாநிலம் முழுவதையும் அளக்கப் புகுந்த ஒரு பெருந்திட்டம் ஒரே சமூகத்தோடு நின்றது மேலோட்டமாக நோக்குவோருக்குக் குறுகலாகத் தோன்றலாம். அச்சமூகம் கேரளத்தின் வடகோடி முதல் தென்கோடி வரை பரவி வாழ்கிறது. சாதி என்னும் காரணியை இவ்வாறு மாறாமல் நிறுத்திவிட்டால், ஊருக்கு ஊர் காணப்படும் வேறுபாட்டை நிலவேறுபாடாகவே கொள்ளலாம். விலக்கியதனால் கிடைத்த தெளிவு இது. மட்டாஞ்சேரி மாணவருக்கு வேண்டுவது இதன் மறுதலை: நிலம் சிறியதாக மாறாது நிற்கிறது; அவர் தேர்ந்துகொள்ளவேண்டியது ஒரு சமூகத்தை மட்டுமா, இரண்டை ஒப்பிடவா என்பதையே. முதுகலை அளவில் ஒன்றே போதும். இரண்டை எடுப்பின் இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் குடியேறியவையாக இருத்தல் நலம்.

சமூகத்தைத் தேர்ந்தபின்னும் ‘பேசுவோர்’ யார் என்பது தீராது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவர்தம் தாய் அவரிடம் பேசிய மொழியைத் தாய்மொழி எனக் கொள்கிறது. அதற்கு மேலாக அவர் அறிந்த மொழிகளில் இரண்டை மட்டும் பதிவுசெய்கிறது. கடையில் இந்தியும், தெருவில் மலையாளமும், வீட்டில் தமிழும், அண்டைவீட்டாரிடம் கொங்கணியும், கணக்கில் ஆங்கிலமுமாக வாழும் ஒருவர் அந்தப் படிவத்தில் மூன்று மொழிக்காரராகக் குறைந்துவிடுகிறார். கச்சி பேசுவோர் அக்கணக்கில் சிந்தியின் கீழ் அடங்கிவிடுகின்றனர். நாட்டளவிலான கணக்குக்கு இவ்வெல்லைகள் தேவைப்பட்டிருக்கலாம். ஒரு தெருவை ஆராயும் மாணவர் அவற்றை அப்படியே எடுத்தாள்வது பொருந்தாது.

நான்சி டோரியன் ஸ்காட்லாந்தின் கிழக்கு சதர்லாந்துப் பகுதியில் மீனவர் பேசிய கேலிக் மொழியை ஆராய்ந்தபோது, அம்மொழியை முழுமையாகப் பேசமாட்டாத, ஆயினும் அதில் உரையாடலை நடத்தக்கூடிய இளந்தலைமுறையினரை ‘அரைப்பேச்சாளர்’ எனத் தனியாக இனங்கண்டார். நல்ல தகவலாளர் அல்லர் என்று கிளைமொழியியலார் வழக்கமாக ஒதுக்குவோர் இவர்கள். 1981இல் வெளிவந்த அவருடைய நூல் மொழியழிவு பற்றிய ஆய்வுக்கு அடிப்படையானதற்கு இவர்களை உள்ளே கொணர்ந்தமை ஒரு முதன்மைக் காரணம். மட்டாஞ்சேரியிலும் பாட்டி தமிழில் கேட்க, பேரன் மலையாளத்தில் விடை கூறும் வீடு ஆய்வில் சேருமா என்பது முன்கூட்டியே முடிவுசெய்யப்பட வேண்டும். தமிழின் ‘தூய’ வடிவத்தை விவரிப்பதே நோக்கமெனில் பேரனை விலக்கலாம். தமிழ் அங்கு எவ்வாறு மாறுகிறது என்பது வினாவெனில், பேரனை விலக்கும் ஆய்வு தன் விடையையே வெளியே நிறுத்திவிடுகிறது.

எந்தக் கூறு, எக்காலம்?

ஊரும் பேசுவோரும் தெளிந்தபின் மொழிக்கூறு. ஒலியனியல், உருபனியல், தொடரியல், சொற்றொகை என நான்கு இயல்கள் வகுத்து ஒரு மொழியை முற்றும் விவரிக்கும் பழைய அமைப்பு மாணவருக்குப் பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. ஒவ்வோர் இயலிலும் சில பட்டியல்கள் கிடைத்துவிடும். ஆயினும் வினா எதற்கும் அது விடை தராது. லபோவ் 1963இல் வெளியிட்ட மார்த்தாஸ் வினியார்டு தீவு ஆய்வு 69 பேரின் பேச்சைக்கொண்டு, இரண்டு ஈருயிர்களை மட்டுமே பின்தொடர்ந்தது. கோடையில் வந்து செல்லும் திரளான விருந்தினரை அவர் விலக்கினார். ஆனால் அவர்களுடைய வரவு தீவினரின் ஒலிப்பை எங்ஙனம் பாதித்தது என்பதே ஆய்வின் உயிர்நாடியாயிற்று. தரவினின்று விலக்கியதை விளக்கத்தினின்று விலக்கவேண்டியதில்லை என்பதற்கு அது சான்று. மட்டாஞ்சேரி மாணவரும் மலையாளம் பேசுவோரைப் பதிவுசெய்யாமல் விடலாம். மலையாளத்தை மறத்தல் ஆகாது.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே ஒரே கூற்றைத் தேர வேண்டுமாயின் வினைமுற்றின் இயைபு தக்கது. தமிழில் வினைமுற்று திணை, பால், எண், இடங்களைக் காட்டும்; மலையாளத்தில் அவ்வீறுகள் வழக்கிழந்துவிட்டன. தமிழில் ‘அவன் வந்தான்’, ‘அவள் வந்தாள்’ எனப் பிரிவன, மலையாளத்தில் ‘வந்நு’ என ஒன்றாகின்றன. மகாராட்டிர–கருநாடக எல்லையிலுள்ள குப்வார் என்னும் சிற்றூர் பற்றி கம்பர்ஸும் வில்சனும் 1971இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. கன்னடத்தின் உயர்திணை–அஃறிணைப் பாகுபாட்டை ஒத்த அமைப்பு அவ்வூர் மராத்தியிலும் உருதுவிலும் இடம்பெற்றிருந்தமை அதில் காட்டப்பட்டது. நெடுங்காலத் தொடர்பில் சொற்கள் வேறாகவே நிற்க, இலக்கண அமைப்பு ஒன்றையொன்று நெருங்கக்கூடும். மலையாளம் சூழ்ந்த தமிழில் இயைபு ஈறுகள் தளர்கின்றனவா என்பது, எனவே, சிறிய வினாவாயினும் பெரிய வினாவோடு இணைந்தது.

இவ்வொரு கூற்றினுள்ளும் இடறும் இடங்கள் உண்டு. பிராமணர் பேச்சில் ‘அவா வந்தா’ என்பது பன்மை. பிறர் பேச்சில் ‘அவங்க வந்தாங்க’. முன்னதில் ஈறு குறைந்திருப்பது மலையாளத்தின் செல்வாக்கன்று, தஞ்சையிலும் அப்படியே. ‘மாடுகள் வந்தது’ என அஃறிணைப் பன்மைக்கு ஒருமை ஈறு வருவதும் தமிழகப் பேச்சுமொழி முழுவதற்கும் பொது. இவற்றைத் தொடர்பின் விளைவு எனப் பட்டியலிடும் ஆய்வேடு, தேர்வாளரின் முதற்கேள்வியிலேயே சரிந்துவிடும். ஆகவே ‘உயர்திணைப் படர்க்கை வினைமுற்று மட்டும்’ என எல்லையை மேலும் ஒரு படி நெருக்கவேண்டும். ஒப்பிடுதற்குரிய தமிழும் எழுத்துத்தமிழாக இருத்தலாகாது. அச்சமூகம் எவ்வட்டாரத்திலிருந்து வந்ததோ அவ்வட்டாரத்தின் அதே சமூகப் பேச்சாக இருத்தல்வேண்டும். மூல வட்டாரம் அறியப்படாதபோது, அது எல்லை அன்று, குறை. அப்பெயராலேயே அதனை எழுதிவைக்கவேண்டும்.

கால எல்லையைப் பற்றி ஒன்று. பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தில் பாதுகாக்கப்படும் பாஸ்கர இரவியின் செப்பேடு ஏறத்தாழ கி.பி. 1000ஐச் சார்ந்தது, யோசேப்பு இரப்பானுக்கு வழங்கிய உரிமைகளைக் கூறுவது, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதன் மொழியைத் தமிழ் என்போரும் உளர். பழைய மலையாளம் என்போரும் உளர். மட்டாஞ்சேரித் தமிழை ஆராயும் மாணவர் பலர் இச்செப்பேட்டிலிருந்து வரலாற்று இயலைத் தொடங்க விழையக்கூடும். செப்பேடு மட்டாஞ்சேரியில் இருக்கிறதேயன்றி, அங்கு எழுந்ததன்று. அதன் மொழிக்கும் இன்றைய தமிழ்க்குடும்பங்களுக்கும் வழித்தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. ஊருக்குப் பெருமை சேர்க்கும் ஒரு பொருள் ஆய்வுக்குள் வர அது போதிய காரணம் ஆகாது.

சூழலும் எண்ணிக்கையும்

வீடு, தொழிலிடம், கோயில், அங்காடி என மொழி வழங்கும் களங்களை ஃபிஷ்மன் பிரித்துக்காட்டிய முறை இங்குப் பெரிதும் பயன்படும். ஒரே மனிதரின் தமிழ் வீட்டில் ஒன்றாகவும் சங்கக் கூட்டத்தில் வேறாகவும் இருக்கும். ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்ததும் ஒருவர் பாடநூல் தமிழுக்கு மாற முயல்வது களப்பணியாளர் அனைவரும் அறிந்ததே. தமிழகத்திலிருந்து வந்த மாணவரைக் கண்டதும் ‘நல்ல தமிழ்’ பேசவேண்டும் என்னும் கூச்சம் கேரளத் தமிழரிடம் மேலும் மிகும். வீட்டுப் பேச்சு ஒன்றையே எடுப்பது ஒரு மாணவரின் ஆற்றலுக்கு ஏற்றது. ஒரு மணி நேரப் பதிவை ஒலிக்குறியீட்டில் பெயர்த்தெழுதப் பல மணி நேரம் செல்லும் என்பதைக் கணக்கிட்டால், ஐம்பது பேர் என்று திட்டத்தில் எழுதுவோர் பின்னர் பதினைந்துக்கு இறங்கி வருவதன் காரணம் விளங்கும்.

சிறு சமூகத்தில் எண்ணிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. ‘ஆண், அகவை 70, சலவைத்தொழில், மூன்றாம் தலைமுறை’ என்று அட்டவணையில் எழுதினாலே அவர் யார் என்பது அவ்வூரார்க்குத் தெரிந்துவிடும். பெயரை மறைத்தல் அங்குப் போதாது. அகவையைப் பத்தாண்டுப் பிரிவுகளாகவும் தொழிலைப் பொதுப்பிரிவாகவும் கொள்வது தகவலாளரைக் காப்பதற்கு இடும் எல்லை. அதனால் பகுப்பாய்வின் கூர்மை சிறிது குறையினும் அதனை ஏற்கவேண்டும்.

பல்கலைக்கழக மானியக்குழு 2022 நவம்பரில் அறிவித்த விதிமுறைகளால் ஆய்வியல் நிறைஞர் பட்டம் நிறுத்தப்பட்டது. ஓராண்டில் முடிக்கத்தக்க சிறு பொருளைத் தேர்ந்து எல்லை வரையப் பழகும் இடமாக அது பலகாலம் இருந்தது. இன்று அப்பழக்கம் முதுகலையின் ஒரு பருவத் திட்டக்கட்டுரையிலேயே வாய்க்கவேண்டும். இன்றேல், முனைவர் பட்டப் பதிவுக்குப் பின் முதல் ஈராண்டுகள் தலைப்பைச் சுருக்குவதிலேயே கழியும்.

மேற்கூறியவற்றைத் தழுவி எழுதப்படும் ஆய்வெல்லைப் பத்தி பின்வருமாறு அமையலாம்: ‘1967க்கு முன் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளாக இருந்த பகுதியில் மூன்று தலைமுறைகளுக்குக் குறையாமல் வாழும் ஒரு தமிழ்ச் சமூகத்தின் வீட்டுப் பேச்சில், உயர்திணைப் படர்க்கை வினைமுற்றின் இயைபு ஈறுகள் இவ்வாய்வுக்குரியன. தமிழைப் புரிந்துகொண்டு மலையாளத்தில் விடைகூறும் இளையோரும் தகவலாளராகக் கொள்ளப்பட்டுள்ளனர். இவ்வினாவுக்கு அவர்களுடைய குறைந்த தமிழே முதன்மைச் சான்று என்பது காரணம். அண்மைக்காலத்தில் குடியேறியோர் விலக்கப்பட்டுள்ளனர். தமிழகத்தோடு அவர்களுக்குள்ள தொடர்பு அறாமையால் மாற்றத்தை அளக்க இயலாது என்பது காரணம். பிற தமிழ்ச் சமூகங்களுக்கு இம்முடிபுகள் பொருந்தும் எனக் கொள்ளப்படவில்லை.’ ஒவ்வொரு விலக்கும் தன் காரணத்தோடு நிற்பது இதில் நோக்கத்தக்கது.

இப்பத்தி களத்துக்குச் செல்லுமுன் எழுதப்படவேண்டும். முதல் சில வாரப் பதிவுகளுக்குப் பின் திருத்தப்படவும் வேண்டும். திருத்தம் நேர்ந்த நாளையும் அதற்குத் தூண்டிய பதிவையும் களக்குறிப்பேட்டில் குறித்துவைத்தால், விரும்பிய முடிபுக்கு ஏற்ப எல்லை பின்னர் நகர்த்தப்பட்டது என்னும் ஐயம் எழாது. பதிவுசெய்தும் பயன்படுத்தாது விட்ட நாடாக்களோ மின்கோப்புகளோ இருப்பின் அவற்றையும், தகவலாளரின் இசைவோடு, துறை நூலகத்தில் தனியாக ஒப்படைக்கலாம். வைப்பீன் தீவில் இந்தோ–போர்த்துகேயக் கலப்புமொழியைச் சரளமாகப் பேசிய இறுதி மனிதர் 2010 ஆகஸ்டில் மறைந்தார். மட்டாஞ்சேரியிலிருந்து அத்தீவு ஒரு படகுத் தொலைவுதான்.